கல்லூரிப் பெண்ணும் கிறிஸ்தவ குணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் விடுதிகளில் நடக்கும் சின்னச் சின்ன ஜெபக்குழுக்களில், வேதபாடம் முடிந்து ஜெபமும் முடிந்து, வார்டன் விளக்கை அணைக்கச் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மிஞ்சும். உண்மையான கேள்விகள் அப்போதுதான் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்திலிருந்து. பதில்கள் என்னுடையவை. உங்கள் சபை சில இடங்களில் வேறு மாதிரி சொல்லலாம், ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் எல்லாரும் என்னை "நல்ல பொண்ணு" என்கிறார்கள். இதற்கு மேல் நான் எதில் வளர வேண்டும்?

ஊர் தரும் அந்தச் சான்றிதழில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறாள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கினாள். பாடகர் குழுவில் பாடுகிறாள். பெரியவர்கள் முன்னால் சத்தமாகப் பேசமாட்டாள், பையன்களோடு நின்று பேசமாட்டாள். இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவற்றில் பலவும் அம்மாவின் கண்ணும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கண்ணும் நம்மேல் இருந்ததால் நடந்தவை. விடுதிக்கு வந்தால் அந்தக் கண்கள் இல்லை. எது பயத்தில் செய்தது, எது மனதிலிருந்து செய்தது என்பது முதல் செமஸ்டரிலேயே தெரிந்துவிடும்.

கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் ஆவியின் கனி என்று ஒன்பதைச் சொல்கிறார்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். "ஊர் என்ன சொல்லும்" என்ற பயத்துக்கு இதில் இடமே இல்லை. பெண்களுக்குத் தனிப் பட்டியல், ஆண்களுக்குத் தனிப் பட்டியல் என்றும் அவர் பிரிக்கவில்லை. நல்ல பொண்ணு என்று பெயரெடுத்த ஒருத்தி உள்ளுக்குள் பொறாமையில் வெந்துகொண்டிருக்கலாம், ரூம்மேட்டோடு மாதக்கணக்கில் பேசாமல் இருக்கலாம், மெஸ்ஸில் பரிமாறும் அக்காவை அதட்டலாம். ஊர் அதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. வளர வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீதிமொழிகள் 31 கல்யாணமான பெண்ணைப் பற்றியதுதானே? எனக்கு 19 வயது.

ஆமாம், அவளுக்குக் கணவன் உண்டு, பிள்ளைகள் உண்டு, வேலைக்காரிகளும் உண்டு. லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொன்ன புத்திமதியைத் தொடர்ந்து அந்த 22 வசனங்கள் வருகின்றன. பெண்கள் ஞாயிறு பிரசங்கங்களில் அவள் இருட்டோடே எழுந்திருப்பது தவறாமல் வந்துவிடும். அவள் ஒரு வயலை விசாரித்து வாங்குவதும், சொந்தச் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடுவதும், புடவை நெய்து விற்பதும், ஏழைகளுக்குக் கை நீட்டுவதும் அவ்வளவாக வருவதில்லை. அதிகாரத்தை நீங்களே ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

அப்புறம் ரூத்தின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். "நீ குணசாலி என்பதை என் ஜனமாகிய ஊராரெல்லாரும் அறிவார்கள்" என்று போவாஸ் அவளிடம் சொல்லும்போது (ரூத் 3:11) அவளுக்குக் கணவன் இல்லை, சொத்து இல்லை. மோவாபிலிருந்து வந்த இளம் விதவை. அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள். குணத்துக்குக் கல்யாணம் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

காலையில் ஜெபமும் வேதவாசிப்பும் தொடர்ந்து வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

விடுதியில் காலை நேரம் எப்படி இருக்கும் என்பது இருந்தவர்களுக்குத்தான் தெரியும். குளியலறை வாசலில் பக்கெட் வரிசை, தண்ணீர் நிற்பதற்குள் துணி அலசுவது, இட்லி தீர்வதற்குள் மெஸ்ஸுக்கு ஓடுவது. இதற்கு நடுவே ஒரு மணி நேரத் தியானம் என்று தீர்மானம் எடுத்தால் நான்காவது நாள் அது உடையும். உடைந்த குற்றவுணர்வில் அடுத்த மாதம் முழுக்க வேதத்தைத் தொடமாட்டீர்கள்.

இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35-ல் இருக்கிறது. இராமுழுவதும் ஜெபித்தார் என்று லூக்கா 6:12-ல் இருக்கிறது. நேரம் சட்டமில்லை. ஆளில்லாத இடம் அவருக்கு வேண்டியிருந்தது, அது நமக்கும் வேண்டும். மொட்டை மாடிப் படிக்கட்டு, மாலை ஐந்து மணிக்குக் காலியாகும் வகுப்பறை, கல்லூரிக்குள் சிற்றாலயம் இருந்தால் அது. பதினைந்து நிமிடம் போதும், ஆனால் அதே இடம், அதே நேரம்.

இன்னொன்று. கைபேசியில் வேதம் வாசிப்பது தப்பில்லை. ஆனால் சங்கீதம் 23-ஐத் திறந்தவுடன் மேலே வகுப்புக் குழுவிலிருந்து செய்தி வந்து விழும், அதோடு மேய்ப்பர் போய்விடுவார். அச்சிட்ட வேதாகமம் ஒன்றை ஊரிலிருந்து எடுத்து வாருங்கள்.

ரூம்மேட்டோடு ஒத்தே போகவில்லை. அவளும் கிறிஸ்தவள்தான்!

அந்த "அவளும்"-இல் உள்ள வருத்தம் புரிகிறது. மூன்று வருடம் படிப்பில் கற்றுக்கொள்வதைவிடப் பத்துக்குப் பத்து அறையில் கற்றுக்கொள்வது அதிகம் என்று நான் நினைக்கிறேன். நீடியபொறுமை என்ற வார்த்தையை ஆராதனையில் பாடுவது சுலபம். இரவு ஒரு மணிக்கு ஸ்பீக்கரில் வீட்டோடு பேசுகிறவள், கேட்காமல் ஷாம்பூவை எடுக்கிறவள், அறை பெருக்கும் முறை வந்தால் மட்டும் தலைவலி வருகிறவள், இவர்களோடு இருக்கும்போதுதான் அந்த வார்த்தைக்கு விலை தெரியும்.

நம் பெண்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். ஒன்று, எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "நான் பொறுமையாக இருக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டு, கடைசியில் ஒருநாள் அழுகையும் கத்தலுமாக வெடிப்பது. இன்னொன்று, அவளைத் தவிர விடுதி முழுக்கச் சொல்வது. இயேசு சொன்ன வழி மூன்றாவது: "அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" (மத்தேயு 18:15). நேராக அவளிடம், தனியாக. கேட்கச் சின்னதாக இருக்கிறது. செய்து பாருங்கள், வயிற்றைக் கலக்கும்.

எப்படிப் பேசுவது? "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் சண்டை உறுதி. "பதினொரு மணிக்கு மேல ஹெட்ஃபோன் போட்டுக்கிறியா? எனக்குக் காலையில லேப் இருக்கு" என்றால் அவளுக்குச் செய்ய ஒரு காரியம் இருக்கிறது. கோபம் சூடாக இருக்கும்போது வேண்டாம், அதற்காக அடுத்த வாரத்துக்கும் தள்ளிப்போட வேண்டாம். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" (எபேசியர் 4:26). அதே நேரம், அவளுக்கு நீங்கள் எப்படிப்பட்ட ரூம்மேட் என்றும் கேட்டுவிடுங்கள். காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்துவிட்டு, அது நான்கு தடவை அடித்தும் எழாமல், ஜெபிக்கத்தான் வைத்தேன் என்று சொல்லும் ஆளாக நீங்கள் இருக்கலாம்.

எல்லாம் பேசியும் சரிவரவில்லை என்றால், அடுத்த வருடம் அறை மாறிக்கொள்வதில் பாவமில்லை. பவுலும் பர்னபாவும்கூடப் பிரிந்து போனார்கள்.

புறம் பேசுவதை விட முடியவில்லை.

கிறிஸ்தவக் குழுக்களில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு: ஜெபக்குறிப்பு. "அவளுக்காக ரொம்ப ஜெபிக்கணும்டி, என்ன நடந்துச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்தால் ஜெபத்துக்கு இரண்டு நிமிடம், கதைக்கு நாற்பது நிமிடம். ஒரு பழக்கம் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவள் அனுமதிக்காத எதையும் ஜெபக்குறிப்பாகச் சொல்லாதீர்கள். "ஒரு தோழிக்காக ஜெபியுங்கள்" என்றால் போதும், கர்த்தருக்கு யார் என்று தெரியும். ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதும் இதே கணக்குத்தான். "விறகில்லாமல் நெருப்பு அவியும், கோள்சொல்லுகிறவனில்லாமல் சண்டை அடங்கும்" (நீதிமொழிகள் 26:20).

எல்லாரும் பிட் அடிக்கிறார்கள், ப்ராக்ஸி கொடுக்கிறார்கள். நான் மட்டும் செய்யாவிட்டால் தோழிகளைக் கைவிட்ட மாதிரி ஆகிறதே?

இந்தக் கேள்வியில் ஒரு நல்ல குணம் இன்னொரு நல்ல குணத்தோடு மோதுகிறது. அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது. தோழிக்கு உதவ வேண்டும், பொய்யும் சொல்லக் கூடாது.

தானியேல் 1-ஆம் அதிகாரத்தை ஒரு மாணவியாகப் படித்துப் பாருங்கள். நான்கு பையன்கள், ஊரைவிட்டு வெகுதூரம், மூன்று வருடப் படிப்பு, சாப்பாடு ராஜாவின் செலவு. கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் தானியேல் படிக்க மறுக்கவில்லை, பெயரை மாற்றியபோதும் சண்டை போட்டதாக இல்லை. ஒரு இடத்தில் மட்டும் கோடு போட்டான். அதையும் எப்படி? விசாரிப்புக்காரனிடம் மரியாதையாகப் போய், பத்து நாள் சோதித்துப் பாரும், பருப்பும் தண்ணீரும் போதும் என்று மாற்று வழியோடு கேட்டான். "நான் பரிசுத்தவான், நீங்கள் எல்லாம் பாவிகள்" என்ற தொனி அதில் இல்லை.

அதையே செய்யலாம். ப்ராக்ஸி கொடுக்கமாட்டேன், ஆனால் வராத வகுப்பின் நோட்ஸை உனக்காக ஒழுங்காக எழுதி வைக்கிறேன். தேர்வில் காட்டமாட்டேன், ஆனால் முந்தின இரவு உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். இப்படிச் சொல்கிறவளைத் தோழிகள் முதலில் கிண்டல் செய்வார்கள், அரியர் தேர்வு நெருங்கும்போது தேடி வருவார்கள். சிலர் வராமலும் போகலாம், அந்த நஷ்டம் உண்மையானது.

லேப் ரெக்கார்டில் வராத ரீடிங்கை வந்ததாக எழுதுவது, சாட்ஜிபிடி எழுதிய அசைன்மென்ட்டைச் சொந்த எழுத்தாகக் கொடுப்பது, இவை இப்போது யாருக்கும் தப்பாகவே தோன்றுவதில்லை. புரியாத பாடத்தை அதனிடம் கேட்டுப் புரிந்துகொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆசிரியர் அனுமதித்திருக்கிறாரா, கேட்டால் மறைக்காமல் சொல்வேனா என்ற இரண்டு கேள்விகளும் போதும். "கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்" (லூக்கா 16:10). நாளைக்கு நீங்கள் நர்ஸாகவோ கணக்காளராகவோ ஆனபின், உங்கள் ரிப்போர்ட்டை நம்பி யாரோ மருந்து கொடுப்பார்கள், கடன் கொடுப்பார்கள்.

உடை, நகை, பூ: எது சரி?

பெந்தெகொஸ்தே வீட்டுப் பெண்ணுக்கு நகை கிடையாது, சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண்ணுக்குத் தோடும் சங்கிலியும் உண்டு, கத்தோலிக்கத் தோழி மல்லிகைப்பூவோடு திருப்பலிக்குப் போகிறாள். மூவரும் ஒரே அறையில். உங்கள் சபை முறையை நீங்கள் மகிழ்ச்சியாகக் கடைப்பிடியுங்கள், அடுத்தவள் காதைப் பார்த்து அவள் இரட்சிப்பை அளக்காதீர்கள். 1 பேதுரு 3:4 "இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே" அலங்காரம் என்கிறது. நகை போடாததைப் பெருமையாக அணிந்துகொள்ளவும் முடியும், ஜாக்கிரதை.

கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில் இருக்கும் ஒரு பிரதர், "கர்த்தர் எனக்கு உன்னைக் காட்டினார்" என்கிறார். மறுத்தால் தேவசித்தத்துக்கு விரோதமா?

இல்லை. அவருக்குக் காட்டிய கர்த்தருக்கு உங்கள் விலாசமும் தெரியும். தேவனுடைய பெயரைச் சொல்லி ஒரு பெண்ணை "ஆம்" என்று சொல்ல வைக்கப் பார்ப்பது பக்தி ஆகாது. பலர் தெரியாமல், உண்மையான ஆசையில்தான் சொல்கிறார்கள். சிலர் தெரிந்தே சொல்கிறார்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: "எனக்கு விருப்பமில்லை, பிரதர்." காரணம் சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. மறுபடியும் தொந்தரவு செய்தால் ஐக்கியத்தை நடத்தும் மூத்த அக்காவிடமோ பேராசிரியரிடமோ சொல்லுங்கள்.

உங்களுக்கும் விருப்பம் இருக்கிறது என்றால்? அவசரமில்லை. அந்த மனிதர் கோபத்தில் எப்படி, பணத்தில் எப்படி, தன் அம்மாவிடமும் தங்கையிடமும் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். மேடையில் ஜெபிப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். யாரிடமும் சொல்லக் கூடாது, போனில் பெயரை மாற்றி வை என்று சொல்கிற உறவு ஆரம்பத்திலேயே வழி காட்டிவிடுகிறது. விசுவாசத்தில் ஒத்துப்போகாதவரோடு பிணைவதைப் பற்றி 2 கொரிந்தியர் 6:14 சொல்வதையும் முன்கூட்டியே, மனம் ஒருவர்மேல் போவதற்கு முன்பே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. போன பின்பு யோசனை வேலை செய்யாது.

சாந்தமாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். ஒருவர் தப்பாக நடந்துகொண்டாலும் மன்னித்துப் பேசாமல் இருக்க வேண்டுமா?

வேண்டாம். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் சபைகளில் இந்த விஷயத்தில் பெண்களுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம்.

பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு, "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. பவுலைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, ரோமனை விசாரிக்காமல் அடிப்பது நியாயமா என்று சட்டத்தைப் பேசினார் (அப்போஸ்தலர் 22:25).

உங்களுக்கும் சட்டம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் கொண்டுவந்த விதிகளின்படி உயர்கல்வி நிறுவனங்களில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஆசிரியர் ஒருவர் அதற்குத் தலைவராக இருப்பார். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். புகாரை எழுத்தில், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுப்பது முறை. தக்க காரணம் இருந்தால் குழு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். ஆசிரியர், ஊழியர், சக மாணவர் யார்மேலும் புகார் கொடுக்கலாம். கிறிஸ்தவக் கல்லூரிக்கும் இதே விதிதான். உடனடி உதவிக்கு 181 பெண்கள் உதவி எண். செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், நடந்த தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

"கல்லூரிப் பெயர் கெட்டுவிடும், ஊழியத்துக்கு இடறல்" என்று யாராவது சொன்னால், இடறல் தப்பு செய்தவரால் வந்தது. மன்னிப்பு உங்களுக்கும் தேவனுக்கும் நடுவில், உங்கள் வேகத்தில் நடக்கட்டும். அதைக் காட்டிப் புகாரைத் திரும்பப் பெறச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எங்கள் ஐக்கியத்திலேயே "நீங்க எந்த ஊரு? அப்பா என்ன?" என்று சாதி பார்க்கிறார்கள்.

ஊர்ப் பெயர், சபைப் பெயர், மாமா பெயர் என்று சுற்றி வந்து கடைசியில் சாதியைக் கண்டுபிடித்துவிடும் திறமை நம்மிடம் உண்டு. கல்லறைகூடத் தனித்தனியாக வைத்திருந்த சபைகள் தமிழ்நாட்டில் உண்டு என்பது வெட்கமான வரலாறு. கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28-ஐக் கன்வென்ஷனில் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு மேட்ரிமோனியில் சாதிப் பெட்டியை நிரப்புகிறோம்.

உங்கள் தலைமுறையால் செய்யக்கூடியது: அந்த விசாரணைக்குப் பதில் சொல்லாமலும், அதைச் செய்யாமலும் இருப்பது. யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறீர்கள், விடுமுறைக்கு யார் வீட்டுக்குப் போகிறீர்கள், யாரை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வருகிறீர்கள் என்று ஒரு செமஸ்டரைத் திரும்பிப் பாருங்கள். அதில் தெரிந்துவிடும்.

ஆயுத பூஜை அன்று லேபில் பூஜை செய்து சுண்டல், பொரி தருகிறார்கள். தோழிகள் வீட்டுப் பொங்கலுக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

பவுல் இதையே 1 கொரிந்தியர் 10-இல் பேசியிருக்கிறார். அழைத்தால் போங்கள், முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் (27). இது படைத்தது என்று ஒருவர் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிட வேண்டாம் (28). எங்கே கோடு என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. எப்படி மறுக்கிறோம் என்பதில் மட்டும் தயவு வேண்டும். "வேண்டாம்டி, நான் சாப்பிடமாட்டேன், ஆனா உன் வீட்டுக்கு வர்றேன்" என்று சிரித்தபடி சொல்லலாம். மூக்கைச் சுளிக்கத் தேவையில்லை.

தோழிகள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" சொல்லுங்கள் (1 பேதுரு 3:15). கேட்காதவளைத் துரத்தித் துரத்திச் சொல்ல வேண்டாம். அவள் நம்பிக்கையைப் பற்றியும் உண்மையான ஆர்வத்தோடு கேளுங்கள். மதம் மாற்றத்தான் பழகுகிறாளோ என்ற சந்தேகம் ஒரு தோழிக்கு வந்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் டீயும் சந்தேகமாகத்தான் தெரியும்.

எனக்கு நிறைய சந்தேகங்கள். வகுப்பில் படிப்பதும் சபையில் கேட்பதும் மோதுகின்றன.

பண்டித ரமாபாயைத் தெரியுமா? 1858-இல் பிறந்தவர். வீட்டிலேயே பெற்றோரிடம் சமஸ்கிருதம் கற்றார். கல்கத்தா பண்டிதர்கள் அவருக்குப் பண்டிதை, சரஸ்வதி என்ற பட்டங்களைக் கொடுத்தபோது வயது இருபதுதான். இளம் வயதில் விதவையானார். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் எடுத்தார். எடுத்த பின்பும், தன்னை ஆதரித்த கன்னியர்களோடு கோட்பாடுகள் பற்றிக் கடிதம் கடிதமாக வாதாடினார், புரியாததை ஏற்கமாட்டேன் என்றார். கிறிஸ்தவ மதம் கிடைத்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்று தன் ஆரம்ப காலத்தைப் பற்றி அவரே பின்னால் எழுதினார். அந்த நெருக்கம் வர ஞானஸ்நானத்துக்குப் பிறகு சுமார் எட்டு வருடம் ஆனதாகவும் சொல்கிறார். அந்தப் பெண்தான் கேட்காவில் முக்தி இல்லத்தைத் தொடங்கி, பஞ்சத்தில் தப்பிய நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர், வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தவர்.

அதனால் எட்டு வருடம் சந்தேகத்தோடு இருப்பவரைத் தேவன் தள்ளிவிடுவதில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். கேள்விகளை எழுதி வையுங்கள். "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்கிறவரிடம் விட்டுவிட்டு, சேர்ந்து தேடுகிறவரிடம் கேளுங்கள்.

சில வாரங்களாக எதிலும் மனம் இல்லை. ஜெபிக்கவும் முடியவில்லை. விசுவாசக் குறைவா?

எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டார், தூதன் வந்து தட்டி எழுப்பி அடை கொடுத்தான், தண்ணீர் கொடுத்தான், மறுபடியும் தூங்க விட்டார். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, சாக வேண்டும் என்ற எண்ணமும் வந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. கல்லூரி ஆலோசகரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரை சாப்பிடுவதும் ஜெபிப்பதும் சண்டை போட்டுக்கொள்ளாது.

நான் ஏற்கெனவே பெரிய தப்பு செய்துவிட்டேன். இனிப் பிரயோஜனம் உண்டா?

உண்டு. பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிறது 1 யோவான் 1:9. நம்பிக்கையான ஒரு அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். யாருக்காவது நஷ்டம் ஆகியிருந்தால் திருப்பிக் கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள். உங்கள் தப்பை வைத்து யாராவது மிரட்டினால் அது வேறு விஷயம், மேலே சொன்ன புகார்ப் பதிலைப் படியுங்கள்.

படிப்பில் கவனமா, ஊழியமா?

வேலூர் ஐடா ஸ்கடருக்கு மிஷனரியாகவே விருப்பமில்லை. நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத்தான் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில், பிரசவ வேதனையில் இருந்த மனைவிக்கு உதவி கேட்டு மூன்று பேர் அடுத்தடுத்து வந்தார்கள். மருத்துவரான அவர் தந்தை வருகிறேன் என்றும், ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா உடனே ஊழியம் செய்யக் கிளம்பிவிடவில்லை. போய் மருத்துவம் படித்தார், 1899-இல் பட்டம் வாங்கினார், 1900-இல் வேலூரில் சின்ன அறையில் வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று நாம் சி.எம்.சி. என்று சொல்வது அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இன்டர்னல் மார்க் போனாலும் பரவாயில்லை, ஜெபக்கூடுகை முக்கியம் என்று ஒரு மாணவி சொல்லும்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். அப்பா கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸும் இந்தக் கணக்கில் வரும்.

கல்லூரியில் கிறிஸ்தவ ஐக்கியமே இல்லை. தனியாக எப்படி?

இரண்டு பேர் போதும் என்று மத்தேயு 18:20 சொல்கிறது. 1954-இல் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. போன்ற மாணவர் இயக்கங்கள் பல ஊர்களில் பல கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக் கூடுகின்றன. பக்கத்துச் சபை ஆயரிடம் விசாரித்தாலே தெரியும். கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று பாருங்கள்: பெற்றோரிடமும் சபையிடமும் சொல்லக் கூடாது என்கிற குழு, தலைவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிற குழு, இரண்டையும் விட்டு விலகுங்கள்.

வேதத்தில் எங்கே ஆரம்பிப்பது?

ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். மாற்கு சுவிசேஷத்துக்குப் போங்கள், 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. அடுத்து யாக்கோபு, ஐந்தே அதிகாரம், நாக்கைப் பற்றிய மூன்றாவதை இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரூத், அது நான்குதான். நீதிமொழிகள் 31 அதிகாரம் இருப்பதால் மாதத் தேதியைப் பார்த்து அன்றைய அதிகாரத்தைத் திறக்கலாம், ஒரு நாள் விட்டுப்போனால் விட்டதைத் துரத்த வேண்டாம், இன்றைய தேதிக்கு வந்துவிடுங்கள். தேர்வு வாரத்தில் ஒரு சங்கீதம் மட்டும். 119-ஆம் சங்கீதம் 176 வசனம், அதை ஸ்டடி ஹாலிடேஸில் ஆரம்பிக்காதீர்கள்.